ஆறாவது ஃபாரம்

என் நாயகன் எண்பதாம் பக்கத்தில் செத்துப்போனான். அவனை எழுதிய எனக்கே அது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. காலண்டர், டைரி, வெடிப் பெட்டி லேபிள், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். இது ஊருக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை இன்னொன்று உண்டு. எங்கள் அச்சக முதலாளி மாதம் ஒரு சாகச நாவல் வெளியிட்டு வந்தார். சட்டைப் பையில் அடங்குகிற அளவு, தொண்ணூற்றாறு பக்கம், பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும். அதை இருபத்திரண்டு வருடமாக எழுதியவன் நான். அட்டையில் இருக்கும் பெயர் என்னுடையது இல்லை. முதலாளி எப்போதோ வைத்த பெயர் அது. எனக்கு முன்னால் எழுதியவரும் அதே பெயரில்தான் எழுதினார்.

இலக்கியம் பேசுகிறவர்கள் இதைக் குப்பை என்பார்கள். மாதா மாதம் தேதி தவறாமல் ஒரு குப்பையை எழுதிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று என் மனைவி சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அது நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் தொழிலில் அட்டைதான் முதலில் வரும், கதை பின்னால் வரும். காலண்டர் வேலை ஓய்ந்து கலர் மிஷின் சும்மா கிடப்பது மாசி, பங்குனியில்தான். வருடத்துக்கு வேண்டிய அட்டைகளை அப்போதே அடித்துக் கட்டி வைத்துவிடுவார்கள். மாதம் பிறந்தால் ஓர் அட்டையை என் மேஜையில் போட்டு, "இதுக்கு ஒரு கதை எழுதிருங்க" என்பார் முதலாளி. அட்டையில் யானை நின்றால் கதையில் யானை வந்தாக வேண்டும். முன்பு ஓர் ஓவியர் வரைந்துகொண்டிருந்தார். இப்போது கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிறது. ஒருமுறை துப்பாக்கி பிடித்த நாயகனின் கையில் ஆறு விரல் இருந்தது. அட்டை அடித்தாயிற்று, என்ன செய்வது? நாயகனைப் போலவே வேஷம் போட்ட எதிரி ஒருவனை உண்டாக்கி, அந்த ஆறாவது விரலை வைத்து அவனைக் காட்டிக்கொடுத்தேன். முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆளு கெட்டிக்காரருய்யா" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வருடத்தை ஓட்டினேன்.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். பெரிய தாளில் முன்னும் பின்னும் எட்டெட்டாக அடித்து மடித்தால் பதினாறு வரும். அப்படி ஆறு ஃபாரத்தை அடுக்கிப் பசை போட்டு அட்டை ஒட்டினால் ஒரு நாவல். அச்சகத்துக்காரன் என்பதால் நான் அத்தியாயக் கணக்கில் எழுத மாட்டேன், ஃபாரக் கணக்கில்தான் எழுதுவேன். ஒவ்வொரு ஃபாரத்தின் கடைசி வரியிலும் என் நாயகன் சாவின் வாசலில் நிற்பான். அடுத்த ஃபாரத்தின் முதல் வரியில் தப்பிப்பான். வாக்கியம் பாதியில் தொங்கக் கூடாது, கடைசி வரியில் முற்றுப்புள்ளி விழ வேண்டும். ஒரு சொல் கூடினாலும் மிஷினுக்குப் போகும் முன் உட்கார்ந்து வெட்டுவேன், குறைந்தால் நாயகனை ஒரு பெருமூச்சு விட வைப்பேன். ஆறாவது ஃபாரம்தான் முடிவு. இருபத்திரண்டு வருடமும் என் ஆறாவது ஃபாரத்தின் முதல் சொல் ‘ஆனால்’. வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

எனக்கென்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தேன். கதை எங்கள் பக்கத்தில் நடக்கக் கூடாது. நான் போன தூரம் மதுரை, திருச்செந்தூர், ஒரே ஒரு தடவை சென்னை. என் நாயகன் போகாத பனிமலை கிடையாது, இறங்காத கடல் கிடையாது. வாங்கிப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனி வேனில் போய் வருகிறவர்கள். கம்பெனியைக் கொஞ்ச நேரம் மறக்க அவர்கள் வாங்குகிற புத்தகத்துக்குள் கம்பெனியையே கொண்டுபோய் வைப்பது அநியாயம் என்று எனக்குப் பட்டது.

அந்தப் புரட்டாசி அட்டையில் முழுக்க நெருப்பு. நெருப்புக்கு முன்னால் நாயகன் ஓடி வந்துகொண்டிருந்தான். எண்ணெய்க் கப்பல் ஒன்றை வைத்துக் கதையை யோசித்துவிட்டேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்குக் கப்பலு? தீவாளி சீசன்ல வருது. நம்ம ஊருச் சரக்கா எழுதுங்க. கள்ளத்தனமா வெடி போடுற கும்பல், அவங்களப் பிடிக்க இவன் போறான். விக்கும்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இங்கன வெடிச்சா அது கதையில்ல, செய்தி" என்றேன்.

"செய்தியத்தான எல்லாரும் படிக்கிறாக. ஒங்க கதையத்தான் படிக்க ஆளக் காணோம்."

அவர் சொன்னது பொய்யில்லை. வேனிலும் பஸ்ஸிலும் எல்லார் கையிலும் போன். கட்டு பிரிக்காமல் திரும்பி வரும் நாவல்கள் மாதா மாதம் கூடிக்கொண்டே வந்தன. வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

கரிசல் காட்டுக்கு நடுவில் அனுமதி இல்லாத ஒரு ஷெட். கும்பல் என் நாயகனைப் பிடித்து, வெடிமருந்து கலக்கும் அறையில் தள்ளிப் பூட்டுகிறது. வெளியிலிருந்து திரியைக் கொளுத்துகிறார்கள். ஐந்தாவது ஃபாரத்தின் கடைசி வரியை, அதாவது எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியை, இப்படி முடித்தேன்: ‘நெருப்பு கதவுக்கு அடியில் புகுந்தது, அவன் கண்ணை மூடிக்கொண்டான்.’ எண்பத்தோராம் பக்கத்தில் வழக்கம்போல ‘ஆனால்’. மூலையில் கிடக்கும் சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் போர்த்திக்கொண்டு, கூரைத் தகரத்தைப் பெயர்த்து வெளியே குதிப்பான். ஷெட் அவனுக்குப் பின்னால் வெடிக்கும், அட்டையில் இருக்கிறபடியே ஓடி வருவான். கும்பல் பிடிபடும். சரக்கு மோசமில்லை என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி நாவல் போய்விட்டால் அடுத்தது தை மாதம்தான். நடுவில் காலண்டரும் டைரியும் மிஷினைப் பிடித்துக்கொள்ளும், லோடு லோடாக வெளியூர் போகும். தை பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். கடைசிக் காலண்டர் கட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பைண்டிங் பகுதியில் அந்தக் கட்டுகள் இருந்த இடத்தில், சுவரோரம் மடித்த தாள்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி இருந்தன. மேல் தாளைப் பார்த்தேன். முதல் சொல் ‘ஆனால்’.

மிச்சப்பட்ட தாளாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று அடுக்குகள் அதே உயரத்தில் நின்றன. ஓடிப்போய் என் மேஜை டிராயரில் கிடந்த புரட்டாசிப் பிரதியை எடுத்துப் பிரித்தேன். எண்பதாம் பக்கம் வந்தது, நாயகன் கண்ணை மூடிக்கொண்டான், அதற்கு அடுத்தது பின் அட்டை. புத்தகமாகி வந்த பிறகு என் கதையை நான் திறந்து பார்ப்பதில்லை. மெய்ப்பில் நான்கு தடவை படித்ததை ஐந்தாவது தடவை படிக்க எனக்கென்ன பைத்தியமா என்று சொல்லிக்கொள்வேன். இருந்தது பைத்தியத்தைவிடப் பெரிய திமிர்.

நடந்தது இவ்வளவுதான். பெரிய மிஷினைக் காலண்டருக்குக் கொடுத்துவிட்டதால் ஆறாவது ஃபாரத்தை மட்டும் பின்கட்டில் இருக்கும் சின்ன மிஷினில் அடித்திருக்கிறார்கள். அது மடித்து வந்து சேர்ந்ததும் யாரோ அதன் மேல் காலண்டர் கட்டை இறக்கி வைத்துவிட்டார்கள். பைண்டிங் ஆட்கள் கையில் கிடைத்த ஐந்து ஃபாரத்தை அடுக்கி அட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வாக்கியம் பாதியில் அறுந்திருந்தால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார். நான்தான் முற்றுப்புள்ளி வைத்து நிறுத்துகிறவன் ஆயிற்றே.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். என் சத்தம் வெளியே மிஷின் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணாச்சி, முடிவே இல்லாமப் போயிருக்கு! அம்புட்டுப் பிரதியும்!"

அவர் நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு மாசமாச்சு. ஒரு போன் வந்துச்சா? ஏஜெண்டு எவனாவது கேட்டானா?"

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"காலண்டர்ல ஒரு அமாவாசை தள்ளிப் போயிருச்சுன்னா ஊரே சண்டைக்கு வருது. இங்க ஒரு கதை முடியவே இல்ல, ஒருத்தரும் கேக்கல. எழுதுன ஆளுக்கே தெரியல. அப்ப யாருக்குத்தான் இத அடிக்கிறோம்?"

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் வருத்தமாகத்தான் கேட்டார். புரட்டாசியோடு நிறுத்திவிடலாம் என்றார். அந்த அடுக்குகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொல்லிவிட்டதாகவும், வெடிக்குக் குழாய் சுற்ற எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். என் நாயகன் தப்பித்த கதை முழுவதும் வெடிக்குள்ளேயே போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

நான் கெஞ்சினேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. அந்த நாவல் நின்றுபோனால் நான் காதுகுத்துப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கிறவன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் யோசித்ததெல்லாம் அந்த ஒருவனைப் பற்றித்தான்.

கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். "ஒரே ஒரு ஆளு. முடிவக் காணோமேன்னு கவனிச்ச ஒரே ஒரு ஆளக் காட்டுங்க, தை நாவல அடிக்கச் சொல்றேன். நாலு நாள் டைம்." நான் எழுந்ததும் கூப்பிட்டார். "லெட்டரு கிட்டருன்னு கொண்டாந்துறாதீக. வாசகர் கடிதம் பக்கத்தப் பூராம் யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். போன்ல என்கூடப் பேசச் சொல்லுங்க."

அது உண்மைதான். கடிதம் வராத மாதங்களில் ஓய்வு பெற்ற ராணுவ வீரராகவும் கல்லூரி மாணவியாகவும் நானே எனக்கு எழுதிக்கொண்டேன். ராணுவ வீரர் என்னை அடிக்கடி கண்டிப்பார்.

வீட்டில் தொடங்கினேன். மாதா மாதம் எனக்குத் தரும் ஐந்து பிரதிகளும் பரண் மேல் கட்டுக்கட்டாக இருந்தன. புரட்டாசிக் கட்டை யாரும் பிரித்திருக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க வாயால சொல்றதக் கேட்டே முடியல. இதுல எழுத்துல வேற படிக்கணுமா?" என்றாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எப்போதும் என் நாவலைக் கல்லாப் பெட்டி மேல் வைத்திருப்பார். கதை எப்படி என்றேன். "சூப்பரு சார்" என்றார். முடிவு எப்படி என்றேன். "முடிவுதான் சார் ரொம்ப சூப்பரு" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என் நாவலை முதல் நாளிலிருந்து விற்கிறவர் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"நாரணாபுரத்துப் பொம்பள ஒண்ணு மாசா மாசம் வாங்கும். கம்பெனி வேன்ல சத்தம் போட்டு வாசிக்குமாம், மத்தவுக கேப்பாகளாம். எப்பவும் தை பொறந்ததுமே வந்து, வந்துருச்சான்னு கேக்கும். இந்தத் தடவ வரக் காணோம்."

ஒரு வேன் நிறையப் பேர் என் கதையைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பெண் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது, முடிவு இல்லாத கோபத்தில்தான் வராமல் இருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அச்சகத்துக்குப் போய், லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பேப்பரிலிருந்து ஆறாவது ஃபாரம் ஒன்றை உருவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் கெடுவின் கடைசி நாள். நாரணாபுரத்தில் வேன் நிற்கும் இடத்தில், டீக்கடை பெஞ்சில் நான்கு மணிக்கே போய் உட்கார்ந்தேன். வேன் வந்து பெண்கள் இறங்கினார்கள். வாசிக்கிறவர் யார் என்று கேட்டதும் ஒருவரைக் காட்டினார்கள். நாற்பது வயதிருக்கும். கையில் தூக்குவாளி. அலுமினியப் பவுடர் ஒட்டி விரல்கள் வெள்ளியாக இருந்தன. நான் யார் என்று சொன்னேன்.

"நீங்களா எழுதுறீக?" என்று என் செருப்பையும் பையையும் பார்த்தார். "வெளியூரு ஆளுன்னுல நெனச்சோம். டீ சாப்பிடுறீகளா?"

புரட்டாசி நாவலைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"ஏன் சார் அப்பிடிச் செஞ்சீக?"

"என்ன செஞ்சேன்?"

"கொன்னுட்டீகளே. நான் வாசிச்சு முடிச்சதும் வேன்ல ஒரு சத்தமில்ல. எல்லாரும் அழுதாக. பெறகு எங்கக்காதான் மொதல்ல வாயத் தொறந்தா. சரிதான்னு சொன்னா. எம்புட்டு வருசமா பொய்யாவே எழுதுனீக, இது ஒண்ணுதான் நெசம்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"அவன் சாகல" என்றேன். என் குரல் எனக்கே விகாரமாகக் கேட்டது. "பக்கம் விட்டுப் போச்சு. அதான் தையிலயும் நீங்க வந்து கேக்கலையா?"

"அவருதான் போய்ட்டாரே. பெறகு எதுக்கு வாங்க?"

பையிலிருந்து ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பு வெட்டாத தாள். அவர் விரலாலேயே ஓரங்களைப் பிசிறில்லாமல் பிரித்தார். நின்றபடியே உதடு அசைய வாசித்தார். பெஞ்சில் இருந்த நான் பரீட்சை எழுதியவன் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"நனைஞ்ச சாக்கா?" என்றார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் அவர் கண் வேறெங்கோ போய்விட்டது. "கம்பெனி வெடிச்சப்ப எங்கக்கா வீட்டுக்காரரு மருந்து ரூம்லதான் இருந்தாரு சார். அங்கன சாக்கும் இருந்துச்சு, தொட்டி நெறையத் தண்ணியும் இருந்துச்சு."

அந்த இடத்தில் நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. மணி ஐந்தாகப் போகிறது, முதலாளி கிளம்பிவிடுவார் என்றுதான் என் புத்தி போனது. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் போனில் ஒரே ஒரு வார்த்தை, பக்கம் குறைந்திருந்ததைக் கவனித்தேன் என்று சொல்லுங்கள், என் நாவல் பிழைத்துக்கொள்ளும் என்றேன். முதலாளியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"சொல்லுங்கம்மா" என்றது முதலாளியின் குரல். "புரட்டாசிப் புஸ்தகத்துல கதை முடியாமக் கெடந்துச்சே, நீங்க கவனிச்சீகளா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"இல்லீங்க. முடிஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணும் கொறையல."

"சரிம்மா" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு வார்த்தைதானே, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"எங்கக்காவும் அதே வேன்லதான் சார் வருது. ரெண்டு வருசம் வாசல்லயே உக்காந்திருந்தா, வந்துருவாருன்னு. போன ஆடியிலதான் வேலைக்கு வர ஆரம்பிச்சா. இத நான் அங்கன எப்பிடி வாசிக்க?"

ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் தொழில் பிழைப்பதற்காக அந்த அக்காவை மறுபடியும் வாசலில் கொண்டுபோய் உட்கார வைக்க இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு வருடமும் ஒவ்வொரு மாதமும் ‘ஆனால்’ போட்டு நான் செய்துகொண்டிருந்தது இதுதானோ என்றும் தோன்றியது.

அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். வேன்ல நாங்க பேசிக்கிட்டோம், யாருக்கும் தெரியல. அவருக்குப் பொஞ்சாதி, புள்ளைக யாரும் இருந்தாகளா?"

இருபத்திரண்டு வருடத்தில் நான் அதை எழுதியதே இல்லை. பனிமலைக்குப் போகிறவனுக்கு வீடு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"இல்ல. யாரும் கெடையாது" என்றேன்.

"நல்லவேள" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.